பெரிய பம்பைக் கழற்றும் முன்

பழைய டாட்ஜ் ராம் டீசல் பிக்கப் வைத்திருக்கும் அமெரிக்கரிடம் ‘வி.பி.44’ என்று சொல்லிப் பாருங்கள், கை தானாகவே பர்ஸைத் தடவும். 1998-ன் நடுவிலிருந்து 2002 வரை வந்த ராம் வண்டிகளில், கம்மின்ஸின் 5.9 லிட்டர், 24 வால்வு எஞ்சினுக்கு டீசல் பாய்ச்சிய பாஷ் பம்ப் இது. பம்பை மாற்ற ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், கூலி தனி. எஞ்சின் பல லட்சம் கிலோமீட்டர் உழைக்கும். இடையில் காலை வாருவது பம்ப். ஆனால் அதைக் கொல்வது பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கும் ஒரு சின்னப் பம்ப்தான். பல உரிமையாளர்கள் அதைப் பார்க்காமலேயே பெரிய பம்பை மாற்றுகிறார்கள். புதிதும் அதே பட்டினியில் கிடந்து சாகிறது.

இதற்கு முன் இருந்த பி7100 முழுக்க இயந்திர பம்ப். உராயும் பாகங்களுக்கு எஞ்சின் ஆயில் போகும். வி.பி.44-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உள்ளே சுழல்பவற்றுக்கு மசகும் டீசல்தான், குளிர்ச்சியும் டீசல்தான். போதாக்குறைக்கு மேலே ஒரு மின்னணு சர்க்யூட்டும் உட்கார்ந்திருக்கிறது. அதன் சூட்டையும் இதே டீசல்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதனால் எஞ்சின் எரிப்பதைவிடக் கூடுதலாகவே டீசல் வந்து, மிச்சம் டேங்குக்குத் திரும்பும்.

அந்த டீசலைக் கொண்டுவந்து தருவது லிஃப்ட் பம்ப். நம் பட்டறைகளில் ஃபீட் பம்ப் என்கிறார்களே, அந்த வேலை. மின்சாரத்தில் ஓடும் இதைச் சூடும் அதிர்வும் ஓயாத எஞ்சின் பிளாக்கிலேயே மாட்டிவிட்டார்கள். இந்த வகைப் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சுமார். டேங்கோ தூரத்தில் இருக்கிறது. இப்படி ஓர் இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்களோ! இதைவிட மோசம், லிஃப்ட் பம்ப் செத்தாலும் வண்டி நிற்காது. வி.பி.44-க்குள் இருக்கும் சிறு பம்ப் தானே டீசலை இழுத்துக்கொள்ளும். மேடு ஏறும்போது கொஞ்சம் இழுவை குறைவதோடு சரி. எச்சரிக்கை விளக்கும் கிடையாது. உள்ளே தேய்மானம் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஒரு பிரஷர் கேஜ். வி.பி.44-க்குள் டீசல் நுழையும் இடத்தில் மாட்டி, ஐடிலிங்கில் ஒரு முறை, பாரம் ஏற்றி மேட்டில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஒரு முறை பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் 10 பி.எஸ்.ஐ-யாவது காட்ட வேண்டும். நின்றபடி 12 காட்டிவிட்டு மேட்டில் 3-க்குச் சரிந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. எஞ்சினை ஓட்டாமலும் பம்பைச் சோதிக்கலாம்: சாவியை ஸ்டார்ட் பக்கம் ஒரு நொடி தட்டி, எஞ்சின் பிடிக்குமுன் விட்டுவிட்டால் லிஃப்ட் பம்ப் சுமார் 25 விநாடி தனியாக ஓடும்.

அழுத்தம் குறைந்தால் பம்ப்தான் குற்றவாளி என்று முடிவுகட்டவும் கூடாது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தால் எங்கோ ஏர் எடுக்கிறது. இருபது வயது தாண்டிய ரப்பர் ஓஸில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு போதும், டீசல் வெளியே கசியாது, காற்று மட்டும் உள்ளே போகும். லைனுக்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் ஓஸைச் செருகினால் குமிழ்கள் ஓடுவது தெரியும். எங்கிருந்து என்று தெரியாவிட்டால், சுத்தமான டீசல் கேனிலிருந்து நேராக லிஃப்ட் பம்புக்கு ஓஸ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். குமிழ் நின்றால் கோளாறு டேங்குக்கும் லிஃப்ட் பம்புக்கும் இடையில்.

வி.பி.44-ஏ போய்விட்டதற்கும் அடையாளங்கள் உண்டு. குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகி, சூடானபின் அடம்பிடிப்பது ஒன்று. ஆக்ஸிலேட்டரை மிதித்தும் எஞ்சின் அசையாமல் இருப்பது இன்னொன்று. இந்த ராம்களில் சாவியை மூன்று முறை சட்சட்டென்று ஆன் செய்து, கடைசியில் ஆனிலேயே விட்டால், கோளாறு எண் கிலோமீட்டர் ஓடும் இடத்திலேயே வரும். அங்கே பி0216 வந்தால், டீசல் பாயும் நேரத்தைப் பம்பால் சரிசெய்ய முடியவில்லை என்று பொருள். அப்போது செலவுக்குத் தயாராகலாம், லிஃப்ட் பம்பையும் சேர்த்துத்தான்.

ஒரு சிலிண்டர் மட்டும் தட்டி வெள்ளைப் புகை வந்தால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்க வேண்டும். பழைய ஆட்கள் எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு லைன் நட்டாகத் தளர்த்தி எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். 2003 மாடலிலிருந்து வந்த காமன் ரெயில் ராமில் அதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,600 பார், அதற்கு மேலும்கூட ஏறும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரலாம்.

விவரம் தெரிந்த உரிமையாளர்கள் இன்று லிஃப்ட் பம்பை டேங்குக்குப் பக்கத்தில் சேஸிஸில் மாற்றிப் பொருத்தி, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒரு கேஜையும் வைத்துக்கொள்கிறார்கள். தயாரிப்பாளரும் 2005 மாடலில் அந்தப் பம்பை எஞ்சினிலிருந்து கழற்றி டேங்குக்குள்ளேயே வைத்துவிட்டார்.