நான்கு வரிசை முன்னால் ஓர் அண்ணன்

அதிகாலை ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன் அமர்ந்து, முகம் தெரியாத நேயர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வது என் வேலை. ஆனால், ஓராண்டுக்கும் மேலாக என் சொந்த அண்ணனிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா காலமான பிறகு, தோ பாயோ வீவக வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்று பேசத் தொடங்கினோம். “அம்மாவை நீங்க எத்தனை நாள் பார்த்துக்கிட்டீங்க?” என்ற கேள்வியோடு பேச்சு நின்றுபோனது. கேட்டவள் நான்தான்.

ஓபிர் சாலையில் 1888இல் கட்டப்பட்ட லூர்து அன்னை ஆலயம் எங்களுக்குத் தாய்வீடு மாதிரி. தமிழ்த் திருப்பலிக்கு இருவருமே போவோம். இயேசு கற்றுத்தந்த செபத்தைச் சொல்லி, அருகிலிருப்பவர்களுக்குச் சமாதானம் கூறிய பிறகே நற்கருணை வாங்கப் போகிறோம். மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது என் குரல் தாழ்ந்துவிடும். அறியாதவர்களுக்கும் கைகூப்புவேன், நான்கு வரிசை முன்னால் இருக்கும் அண்ணன் பக்கம் மட்டும் பார்க்கமாட்டேன்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னேன். “கோபம் போன பிறகு மன்னிக்கலாம்னு காத்திருக்காதம்மா. தினமும் அவர் பெயரைச் சொல்லி செபம் பண்ணு” என்றார் பாதிரியார்.

முதல் வாரம், “அண்ணனுக்கு நல்ல புத்தி கொடும்” என்றே வேண்டினேன். அது செபமல்ல, புகார் மனு! சில நாள் வாய் வராமல் விட்டுவிட்டேன். ஆனால் தினமும் ஒருவர் பெயரைச் சொன்னால், மறந்தவையும் சேர்ந்து வரும்போல. இரவுப் பணி முடித்து நேராக மருத்துவமனைக்கு வந்து நின்ற அண்ணன் நினைவுக்கு வந்தார். அம்மாவின் மருந்துச் செலவை மாதந்தோறும் கட்டியவரும் அவர்தான்.

பெரிய வியாழன் அன்று, பாதம் கழுவும் சடங்கோடு திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், “அண்ணா, அன்னிக்கு நான் கேட்டது தப்பு” என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், “சாப்பிட்டியா?” என்றார்.

வீட்டு விவகாரம் இன்னும் முடியவில்லை. கோபமும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. அன்றைக்கெல்லாம் அவர் பெயரை இன்னொரு முறை சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பேச்சு நின்றுபோன ஒருவர் இருக்கலாம். இன்றிரவு செபத்தில் அவர் பெயரைச் சேர்த்துப் பாருங்களேன்.