மலைநடுவே ஒரு மிதிவண்டிப் பாதை

மலைவழி என்றவுடன் எவர் மனக்கண்ணிலும் தோன்றுவன கொண்டையூசி வளைவுகளும், ஒருபுறம் செங்குத்துப் பாறையும், மறுபுறம் ஆழ்ந்த பள்ளமுமே ஆகும். அத்தகைய மலையின் ஊடே சிறுவரும் முதியவரும் அச்சமின்றி மிதிவண்டியில் செல்லுதல் இயலுமோ? இயலும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடு ஒரு சான்று தருகின்றது.

அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் அலெகெனி மலைகள் உள்ளன. இவை இமயம்போல் பனி மூடி வானளாவ நிற்பவை அல்ல. மழையாலும் காற்றாலும் நெடுங்காலம் தேய்ந்து தாழ்ந்து, மரம் அடர்ந்து கிடக்கும் பழைய மலைகள். இவற்றின் ஊடே பிட்ஸ்பர்க் நகரத்தையும் கம்பர்லாந்து நகரத்தையும் இணைத்து, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை ஒன்று செல்கின்றது. ‘கிரேட் அலெகெனி பாசேஜ்’, அதாவது ‘அலெகெனிப் பெருவழி’ என்பது அதன் பெயர். சிற்சில இடங்களில் சாலைகளைக் கடக்க நேர்ந்தாலும், இவ்வழியில் மோட்டார் வண்டிகளின் நெரிசலும் இரைச்சலும் இல்லை. நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் ஆற்றின் ஒலியையும் பறவைகளின் குரலையும் கேட்டவண்ணம் செல்வர்.

மலைநாட்டில் இத்துணை எளிய வழி அமைந்தது எங்ஙனம்? இது முதலில் மிதிவண்டிக்கென வகுக்கப்பட்ட பாதை அன்று, புகைவண்டிக்கென வகுக்கப்பட்டது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது மிக எளிதாக உருளும். ஆதலின் சமதரையில் ஓர் எஞ்சின் பெருஞ்சுமையையும் இழுத்துச் செல்ல வல்லது. ஆயினும் அவ்வழவழப்பே ஏற்றத்தில் இடையூறாகின்றது. சரிவு மிகுந்தால் சக்கரம் பற்றுக்கொள்ளாமல் வழுக்கும். எனவே, நூறு மீட்டர் தொலைவுக்கு இரண்டு மீட்டருக்குமேல் உயராதவாறு பொறியியலார் இவ்வழியை வகுத்தனர். யாக்கிகேனி, காசல்மன் என்னும் ஆறுகள் அறுத்துச் சென்ற பள்ளத்தாக்குகளை அவர்கள் பின்பற்றினர். மலை குறுக்கிட்டால் குடைந்தனர். பள்ளம் குறுக்கிட்டால் பாலம் அமைத்தனர். எஞ்சினின் பொருட்டு எடுத்த அம்முயற்சி, இன்று மிதிப்பவரின் கால்களுக்கு உதவுகின்றது.

இவ்வழியின் மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 729 மீட்டர் உயரத்தில் உள்ளது. அது நீரைப் பிரிக்கும் மலைமுகடு. அதன் கிழக்கே விழும் மழை அட்லாண்டிக் கடலை நோக்கியும், மேற்கே விழும் மழை மெக்சிகோ வளைகுடாவை நோக்கியும் ஓடும். பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்படுவோர் அம்முகட்டை அடைய 200 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாகச் செல்லுதல் வேண்டும். ஆதலின், ஏறுகிறோம் என்ற உணர்வே அவர்களுக்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. கம்பர்லாந்திலிருந்து வருவோரோ அதே முகட்டை 38 கிலோமீட்டரில் எட்டிவிடுவர். அவர்களுக்கு உழைப்புச் சற்று மிகுதி.

முகட்டிற்குக் கிழக்கே ‘பிக் சாவேஜ்’ என்னும் சுரங்கவழி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கு மலையைத் துளைத்துச் செல்கின்றது. உள்ளே விளக்குகள் எரிகின்றன. குளிர்காலத்தில் இதன் இரு வாயில்களையும் கதவிட்டு அடைத்துவிடுவர். கசியும் நீர் உறைந்தால், பனிக்கட்டி விரிந்து சுவர்களைச் சிதைக்கும் அன்றோ? முகட்டிற்கு மேற்கே, காசல்மன் பள்ளத்தாக்கின் குறுக்கே 580 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய சாலிஸ்பரிப் பாலம் உயர்ந்து நிற்கின்றது.

பாதையின் பெரும்பகுதியில் தார் இல்லை. சுண்ணாம்புப் பாறையை நொறுக்கிப் பரப்பி அழுத்தியுள்ளனர். அத்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியான தளமாகின்றன. மழைநீரும் எளிதில் வடிந்துவிடும். இத்தகைய சரளை வழிகளுக்கென அகன்ற டயர் பூட்டிய மிதிவண்டிகள் இக்காலத்தில் செய்யப்படுகின்றன. அகன்ற டயரில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், அது சிறு கற்களின் அதிர்ச்சியைத் தானே தாங்கிக்கொள்கின்றது.

மலையைக் கடக்கும் இந்த இருப்புப்பாதை 1912-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆற்றின் எதிர்க்கரையிலும் மற்றொரு பாதை ஓடியமையால், பிற்காலத்தில் இரண்டும் வேண்டப்படவில்லை. 1975-இல் மலைவழியாக வண்டிகள் ஓடுவது நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, பாலங்கள் துருவேறின, சுரங்கங்களில் நீர் தேங்கியது. கைவிடப்பட்ட வழி துண்டு துண்டாகப் பிரிந்து அழிந்திருக்கலாம். ஆனால் தன்னார்வத் தொண்டர்களும் அரசினரும் அதனைக் காக்க முன்வந்தனர். 1986-இல் ஒகையோபைல் என்னும் சிற்றூரின் அருகே முதற் பகுதி திறக்கப்பட்டது. பாலம் பாலமாக, ஊர் ஊராகப் பணி தொடர்ந்து, 2013-இல் முழு வழியும் நிறைவெய்தியது. இருபத்தேழு ஆண்டுப் பொறுமை அதற்குத் தேவைப்பட்டது.

கம்பர்லாந்தில் இவ்வழி முடிந்தாலும் பயணம் முடிவதில்லை. அங்கிருந்து வாஷிங்டன் நகர்வரை 297 கிலோமீட்டருக்கு ஒரு பழைய கால்வாயின் கரைவழி செல்கின்றது. முன்னாளில் நிலக்கரிப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த வழி அது. கால்வாய் 1850-இல் கம்பர்லாந்தை எட்டியபோது, புகைவண்டி எட்டாண்டு முன்னரே அங்கு வந்து சேர்ந்திருந்தது. 1924-இல் கால்வாய்ப் போக்குவரவு ஒழிந்தது. பின்னர் அக்கரைவழியே மோட்டார் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழும் அதனை ஆதரித்தது. அப்போது உயர்நீதிமன்றத்திற்கும் மேலான தலைமை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த வில்லியம் டக்ளஸ் அதனை மறுத்தார். தம்முடன் அவ்வழியே நடந்து வந்து பார்க்குமாறு அவ்விதழாசிரியர்களை அழைத்தார். 1954-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கம்பர்லாந்திலிருந்து நடை தொடங்கியது. பலர் இடையிலேயே நின்றுவிட, அவரை உள்ளிட்ட ஒன்பதின்மரே முழுத் தொலைவையும் நடந்து முடித்தனர். கண்ணால் கண்ட இதழாசிரியர்கள் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.

படகைப் புகைவண்டி வென்றது. புகைவண்டியின் வணிகத்தில் பெரும்பகுதியை மோட்டார் வண்டி கவர்ந்தது. இன்றோ, எல்லாவற்றினும் மெதுவாகச் செல்வோர் அவ்வழிகளில் மகிழ்ந்து செல்கின்றனர். சுரங்கமும் தொழிற்சாலையும் மூடப்பட்டு வாடிய சிற்றூர்களில், அவர்களுக்கு உணவும் உறையுளும் அளித்துப் பலர் பிழைக்கின்றனர். முன்னோர் பாறை பிளந்து அமைத்த வழியைப் பயனற்றதென எறிந்துவிடாமல் காத்தமையாலன்றோ, பின்வந்தோர் அதற்குப் புதியதொரு பயனைக் கண்டனர்!