மதுரை – மதுரை: 1.2 மணி

என் லாக் புக்கில் ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கும். 2019 மார்ச் மாதம் ஒரு நாள் நான் மதுரையில் கிளம்பி, இரவில் 1.2 மணி நேரம் பறந்து, மதுரையிலேயே இறங்கினேன் என்கிறது அந்த வரி. அன்றைக்கு நான் இருந்தது ஃப்ளோரிடாவில். மணி மதியம் இரண்டு. நான் ஓட்டிய 'விமானம்' பயிற்சிப் பள்ளியின் பின்னறையில், ஏ.சி.க்குக் கீழே, தரையோடு தரையாக நின்றிருந்தது.

லாக் புக் என்பது விமானியின் கணக்கு நோட்டு. தேதி, விமானத்தின் பதிவெண், எங்கிருந்து எங்கே, பகலா இரவா, தனியாகவா இன்ஸ்ட்ரக்டரோடா, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஆறு நிமிடத்துக்கு 0.1 என்று கணக்கு; 1.2 என்றால் 72 நிமிடம். உரிமம் வாங்கப் போனாலும், வேலை கேட்டுப் போனாலும் முதலில் இந்த நோட்டைத்தான் கேட்பார்கள்.

அந்த மதுரைப் பயணம் ஊர் ஏக்கத்தில் வந்த வினை. அந்தப் பின்னறைச் சிமுலேட்டரில் எந்த விமான நிலையத்தை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். இன்ஸ்ட்ரக்டர் இல்லாத மதியங்களில் பள்ளியில் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து பழகுவேன். அன்றைக்கு மதுரையைத் தட்டினேன். யானைமலை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பச்சை மேடு. வைகையைக் காணவே காணோம். ஆனாலும் ரன்வே நம்மூர் ரன்வே. நேரத்தை இரவுக்கு மாற்றிவிட்டு நாலு முறை இறங்கிப் பார்த்தேன். திரையில் நட்சத்திரம் தெரிந்தது, அதனால் 'இரவு' கட்டத்தில் 1.2 என்று எழுதினேன். மொத்த நேரத்திலும் 1.2. தரையிறக்கம் 4. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சில மாதம் கழித்து இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தேர்வு. மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தகுதி தரும் தேர்வு அது. எக்ஸாமினர் வயதானவர், அதிகம் பேசாதவர். லாக் புக்கில் விரலை வைத்து வரி வரியாக இறங்கிவந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

"மதுரை எங்கே இருக்கிறது?"

"தென்னிந்தியாவில், சார்."

"எப்போது போய் வந்தீர்கள்?"

அதற்குப் பிறகு அவர் கால்குலேட்டரை எடுத்தார். இந்த ரேட்டிங்குக்கு அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. கேட்பது 40 மணி நேரக் கருவிப் பயிற்சி. என் நோட்டில் 41.2 இருந்தது. அதில் 17.8 சிமுலேட்டர். அந்த 17.8-இல் 6.5 நான் தனியாக உட்கார்ந்தது. 6.5-ஐ அடித்தால் மீதி 34.7. அன்றைக்குத் தேர்வு தொடங்கவே இல்லை. என் இன்ஸ்ட்ரக்டரும் கூட்டுத்தொகையைப் பார்த்தாரே தவிர வரிகளைப் பார்க்கவில்லை. குறைந்த 5.3 மணி நேரத்துக்கு மறுபடி பணம் கட்டினேன்.

இரவு அப்பாவிடம் போனில் அழுதேன். அப்பா கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். சிமுலேட்டர் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கவே பத்து நிமிடம் ஆனது. கேட்டுவிட்டு, "ஏம்மா, சரக்கு வந்த கணக்கையும் சாம்பிள் வந்த கணக்கையும் ஒரே பத்தியிலயா எழுதுவாங்க?" என்றார்.

அதேதான் விதியும். அமெரிக்கச் சட்டத்தில் 'பறந்த நேரம்' என்பது, பறக்கும் நோக்கத்தோடு விமானம் தன் சொந்தச் சக்தியில் நகரத் தொடங்கும் கணத்தில் ஆரம்பித்து, இறங்கி நிற்கும்போது முடிகிறது. சிமுலேட்டர் நகர்வதே இல்லை. ஆகவே அதில் கழிந்தது பறந்த நேரம் ஆகாது, 'பாட நேரம்'. லாக் புக்கில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் 61.51 என்ற விதி இரண்டையும் தனித்தனியாகத்தான் பெயர் சொல்கிறது. புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் விமானத்துக்கு. சிமுலேட்டருக்கோ, பாடம் நடந்த இடம். திரையில் மதுரை தெரிந்தாலும் மாஸ்கோ தெரிந்தாலும் நான் எழுதியிருக்க வேண்டியது ஃப்ளோரிடாவில் இருக்கும் அந்த ஊரின் பெயரை.

சாம்பிள் என்றதால் மட்டமானது என்று எண்ணிவிடாதீர்கள். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில், ஆர்கன் வாத்தியம் செய்யும் பட்டறைக்காரரின் மகனான எட்வின் லிங்க், வாத்தியத்துக்குக் காற்றடிக்கும் துருத்திகளை வைத்தே 1929-இல் முதல் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். ஆரம்பத்தில் அதைக் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தான் வாங்கினார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவிடம் தபால் கொண்டுபோகும் வேலை வந்தது. மோசமான வானிலையில் கருவி பார்த்து ஓட்டப் பழகாத விமானிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கின் பெட்டிகளை வாங்கியது. இன்றைக்கு விமான நிறுவனங்களிடம் இருக்கும் உயர்ந்த 'டி' நிலை சிமுலேட்டர் ஆறு கால்களில் நின்று குலுங்கும். அதிலேயே ஒரு ரகத்தை முழுக்கப் பழகிவிட்டு, நிஜ விமானத்தை முதன்முதலில் தொடும் நாளிலேயே பின்னால் பயணிகளோடு, பக்கத்தில் பயிற்சி கேப்டனோடு பறப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களும் அந்த நேரத்தைச் சிமுலேட்டர் பத்தியில்தான் எழுதுகிறார்கள்.

எங்கள் பள்ளியில் இருந்தது அந்த ரகம் இல்லை, குலுங்காத, ஏ.ஏ.டி.டி. என்று அழைக்கப்படும் உயர்நிலைப் பயிற்சிக் கருவி. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கின் 40 மணி நேரத்தில் 20 வரை இதில் செய்யலாம். இதற்குக் கீழே உள்ள அடிப்படைக் கருவியில் 10. எந்தக் கருவியாக இருந்தாலும் அதற்கு எஃப்.ஏ.ஏ. கொடுத்த அங்கீகாரக் கடிதம் இருக்க வேண்டும். எதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பது அதில்தான் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜாய்ஸ்டிக்கோடு விடிய விடிய ஓட்டினாலும் லாக் புக்கில் ஒரு 0.1 கூட ஏறாது. ரேட்டிங்குக்காக எழுதும் நேரம் என்றால் இன்ஸ்ட்ரக்டர் உடனிருந்து பார்த்திருக்க வேண்டும், என்ன பாடம், எவ்வளவு நேரம் என்று உறுதிசெய்து கையெழுத்தும் போட வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான்.

ரேட்டிங் வாங்கியபின் கதை கொஞ்சம் மாறும். மேகத்துக்குள் போகும் தகுதியைத் தக்கவைக்க, கடந்த ஆறு மாதத்துக்குள் ஆறு அப்ரோச் (கருவி பார்த்து ரன்வேயை நெருங்குவது), ஹோல்டிங் (சொன்ன இடத்தில் சுற்றிக் காத்திருப்பது), ரேடியோ வழித்தடத்தைப் பிடித்துப் போவது எல்லாம் செய்திருக்க வேண்டும். இதைச் சிமுலேட்டரில் தனியாகவே செய்துகொள்ள 2018-இல் எஃப்.ஏ.ஏ. இடம் கொடுத்துவிட்டது. எந்தக் கருவி, எவ்வளவு நேரம், என்ன செய்தோம் என்று எழுதி வைத்தால் போதும். தனியாக உட்கார்ந்த அதே 72 நிமிடம் ரேட்டிங் இல்லாதவருக்குச் செல்லாக்காசு, ரேட்டிங் உள்ளவருக்கு நல்ல காசு. இந்த வித்தியாசம் மாணவர்கள் மண்டையில் ஏறத்தான் நேரமாகிறது.

இப்போது நானே இன்ஸ்ட்ரக்டர். போன வாரம் ஒரு மாணவனோடு சேர்ந்து எழுதிய வரி இது: தேதி. கருவியின் மாடல், அதன் எண். இடம் என்ற கட்டத்தில் எங்கள் ஊர். சிமுலேட்டர் பத்தியில் 1.5. பெற்ற பயிற்சி 1.5. அப்ரோச் 3, ஹோல்டிங் 1. குறிப்பில் எந்த அப்ரோச், எந்த ரன்வே. பறந்த நேரத்தின் கூட்டுத்தொகைக்கு அடியில் பூஜ்யம். இரவு, தரையிறக்கம் இரண்டும் காலி. "திரையில் இருட்டாகத்தானே இருந்தது?" என்றான். ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினேன். வெளியே கண்கூசும் வெயில்.

ஐரோப்பிய லாக் புக்கில் இந்தத் தொல்லை குறைவு. சிமுலேட்டருக்கென்றே தனிக் கட்டம் அச்சடித்திருப்பார்கள், கருவியின் தகுதி எண் உட்பட. அமெரிக்காவில் ஆளுக்கொரு நோட்டு. பத்தியின் தலைப்பை மாணவனே எழுதிக்கொள்ளும் நோட்டுகளும் உண்டு. நான் என் மாணவர்களை முதல் நாளே ஒரு காலிப் பத்தியில் 'சிமுலேட்டர்' என்று எழுதவைத்துவிடுவேன்.

தப்பு நடந்தால் வெள்ளை மை பூசக் கூடாது. கீழே என்ன இருந்தது என்று சந்தேகம் வரும். ஒற்றைக்கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். என் மதுரை வரியை எக்ஸாமினர் முன்னாலேயே அப்படித்தான் அடித்தேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "அடிச்சாலும் படிக்க முடியுது, சரிதான்" என்று நோட்டை மூடிக் கொடுத்தார். நிஜ மதுரை விமான நிலையத்தில் நான் இதுவரை பயணியாகத்தான் இறங்கியிருக்கிறேன்.