ஒர்க்அவுட் ஆப் வாங்கப் போறீங்களா? பர்ஸுக்கு ஆப்பு வைக்காம பார்த்துக்கங்க!



கூடுவாஞ்சேரியில வாடகை வீடு, கிண்டியிலோ ஓ.எம்.ஆர்லயோ வேலை. காலையில எலக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்க ஓட்டம். ராத்திரி வீடு வந்து சேர எட்டரை மணி. இதுல ஜிம்முக்கு எங்கே போறது? அந்த நேரம் பார்த்து போன்ல ஒரு விளம்பரம்: "டம்பெல் வேண்டாம், மெஷின் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். ஏழு நாள் இலவசம்!" யு.பி.ஐ பின்னைப் போட்டுடறீங்க. பல பேருக்கு அதுக்கப்புறம் பணம் மட்டும் ஒழுங்கா போயிட்டே இருக்கும், பயிற்சி நின்னுடும்.

அதனால, எந்த ஆப் நல்லதுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுடுவோம்.

மாச விலையை விடுங்க, ஒரு நாள் விலையைப் பாருங்க

ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மென்டியர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள், அமெரிக்காவுல மூணு ஜிம்களோட உறுப்பினர் கணக்கை ஆராய்ஞ்சு 2006-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. 7,700 பேருக்கு மேல, மூணு வருஷத் தகவல். மாசம் 70 டாலருக்கு மேல கட்டினவங்க, சராசரியா மாசத்துக்கு 4.3 தடவைதான் ஜிம்முக்குப் போயிருக்காங்க. அதாவது ஒரு தடவைக்கு 17 டாலர். பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தா அதே ஜிம்ல தடவைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும்!

ஆப்புக்கும் இதே கணக்குதான். கட்டின பணத்தை, நிஜமா பயிற்சி செஞ்ச நாட்களால வகுங்க.

உதாரணத்துக்கு வருஷ சந்தா 1,800 ரூபாய்னு வெச்சுக்குவோம். வாரம் மூணு நாள்னு வருஷத்துல 150 நாள் செஞ்சா, ஒரு நாளைக்கு 12 ரூபாய். ஒரு டீ விலை, தாராளமா கொடுக்கலாம். முதல் மாச ஆர்வத்துல 12 நாள் செஞ்சுட்டு விட்டுட்டா? ஒரு நாளைக்கு 150 ரூபாய். "மாசத்துக்கு வெறும் 150 ரூபாய்"னு நினைச்சு வாங்கின பொருள், ஒரு நாளைக்கே 150 ரூபாய் ஆயிடுச்சு!

உங்களுக்கு நிஜமா எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனத்தோட 2020 வழிகாட்டுதல்படி, பெரியவங்களுக்கு வாரத்துல குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடல் உழைப்பு வேணும். அதோட ரெண்டு நாளாவது தசைகளுக்கு வலு சேர்க்கிற பயிற்சி வேணும்.

இப்ப உங்க வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு வேகமா நடந்தா 15 நிமிஷம்னு வைங்க. போக வர 30. வாரம் அஞ்சு நாளைக்கு 150 நிமிஷம். முதல் பாதி அங்கேயே முடிஞ்சது, ஷேர் ஆட்டோ காசும் மிச்சம். அப்போ ஆப் செய்ய வேண்டிய வேலை, ஸ்குவாட், புஷ்-அப், பிளாங்க் மாதிரி பயிற்சிகளை வாரத்துல ரெண்டு மூணு நாள் சொல்லித் தர்றது மட்டும்தான். இவ்வளவுக்கு எடுத்த எடுப்பிலேயே வருஷ சந்தா தேவையா?

முதல் மாசம் ஒத்தை ரூபாய் வேண்டாம்

ஃபிட் இந்தியா: மத்திய விளையாட்டு அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 29-ல வெளியிட்ட இலவச ஆப். உங்க உடற்தகுதி எந்த அளவுல இருக்குன்னு சோதிச்சுப் பார்க்கலாம்.

எம்-யோகா: உலக சுகாதார நிறுவனமும் ஆயுஷ் அமைச்சகமும் சேர்ந்து 2021 ஜூன் 21-ல கொண்டு வந்தது. இலவசம்தான்.

7 நிமிஷ ஒர்க்அவுட்: இந்தப் பேர்ல ஏகப்பட்ட ஆப் இருக்கு. இதோட மூலம், பிரெட் கிளிகா, கிறிஸ் ஜோர்டன் ரெண்டு பேரும் 2013-ல எழுதின ஒரு கட்டுரை. 12 பயிற்சி, ஒவ்வொண்ணும் 30 செகண்ட், நடுவுல 10 செகண்ட் ஓய்வு. தேவை ஒரு சுவர், ஆடாத ஒரு நாற்காலி, போன்ல இருக்கிற டைமர்.

ஆப்ல என்ன பார்க்கணும்?

1. குதிக்காத பயிற்சி இருக்கா? மாடி போர்ஷன்ல இருந்துகிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஜம்பிங் ஜாக் போட்டா, ஹவுஸ் ஓனர் மேல ஏறி வந்துடுவார்.

2. முழங்கால், முதுகு வலி இருந்தா மாற்றுப் பயிற்சி காட்டுதா? ஏற்கெனவே உடம்புக்குப் பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

3. நெட் இல்லாம ஓடுமா?

4. கான்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்குதா? புஷ்-அப் எடுக்க உங்க மாமா நம்பர் எதுக்கு? அனுமதி கொடுக்காதீங்க.

பணம் கட்டற முடிவுக்கு வந்தா

ஆப்பை டெலீட் பண்ணினா சந்தா நிற்காது! இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை. பிளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் ரத்து செய்யணும். நேரா யு.பி.ஐ-ல கட்டியிருந்தா, அந்த ஆப்ல ஆட்டோபே பகுதியில நிறுத்தணும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, முதல் தடவை நீங்க ஒப்புதல் கொடுத்துட்டா, அதுக்கப்புறம் 15,000 ரூபாய் வரைக்குமான சந்தா ஓ.டி.பி இல்லாமலே போகலாம். ஆனா பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். அந்த எஸ்.எம்.எஸ்-ஸைப் படிக்காம தள்ளிடாதீங்க. இலவச ட்ரையல் எடுத்தா, முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போன்ல அலாரம் வெச்சுக்கங்க.

சேர்றதுக்கு ஒரு பட்டன், வெளியேற பத்து பக்கம்னு அலைய விட்டா, அது சந்தாப் பொறி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல தடை செஞ்ச 13 ஏமாற்று வடிவமைப்புகள்ல இதுவும் ஒண்ணு. 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கலாம்.

இன்னொண்ணு: "இதை வருமான வரியில காட்டலாமா?" முடியாது. பழைய வரி முறையில இருந்தா, முன்தடுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரைக்கும் கழிவு உண்டு. ஆப்புக்கோ ஜிம்முக்கோ கிடையாது.

என்னோட விதி இதுதான்

முதல் 30 நாள் இலவச ஆப். செஞ்ச நாளை காலண்டர்ல டிக் அடிங்க. 12 டிக் வந்தா, தேவைப்பட்டா மட்டும், மாச சந்தா. தொடர்ந்து மூணு மாசம் 12 டிக் வந்தா வருஷ சந்தாவைப் பத்தி யோசிங்க. வரலைன்னா நஷ்டம் ஒண்ணுமில்லை, அடுத்த ஒண்ணாம் தேதி மறுபடி ஆரம்பிங்க.

இப்பவே ஒரு வேலை செய்யுங்க. போனை எடுத்து உங்க சந்தா லிஸ்ட்டைத் திறந்து பாருங்க. தொட்டே பல மாசம் ஆன ஆப் ஏதாவது இருந்தா, முதல் உடற்பயிற்சியா அந்த ரத்து பட்டனை அமுக்குங்க!