பாட்டியின் தட்டும் கொல்லைப்புறத்து இலையும்

நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் கதவைத் தட்டினார். ஒரு கையில் செடி வெட்டும் கத்தரி, இன்னொரு கையில் பழைய பிரப்பங்கூடை. "மேசைக்கு இலை பறிக்கப் போகிறேன், வருகிறாயா?" என்றார். வயது எண்பதைத் தாண்டியவர். பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நாங்கள் குடியேறியிருந்த முதல் இலையுதிர் காலம் அது.

விருந்துக்கு இலை என்றால் நமக்கு வாழைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். அவர் என்னை அழைத்துப் போனது தன் வீட்டுக் கொல்லையில் தொடங்கும் காட்டுக்கு. அந்த வியாழக்கிழமை வரும் தாங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நாள் விருந்துக்கு மேசை அலங்கரிக்க அவர் கடையில் பூ வாங்குவதில்லை. கொல்லையில் கிடைப்பதும், பாட்டி காலத்திலிருந்து அலமாரியில் இருப்பதும் போதும் என்பது அவர் கணக்கு. இரண்டு நாள் அவருக்குக் கூடமாட ஒத்தாசை செய்ததில், அந்தக் கணக்கு எவ்வளவு சரியானது என்று எனக்குப் புரிந்தது.

படங்களில் வரும் தாங்க்ஸ்கிவிங் மேசை நிறையச் சிவந்த மேப்பிள் இலைகள் பரப்பியிருக்கும். ஆனால் நியூ இங்கிலாந்துப் பகுதியில் மேப்பிள் சிவப்பு உச்சம் தொடுவது அக்டோபர் நடுவில். நவம்பர் கடைசியில் அந்த மரங்கள் மொட்டையாக நிற்கும். பகல் குறுகக் குறுக மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுகிறது. பச்சை மறைந்ததும் இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. வெயிலான பகலும் குளிர்ந்த இரவும் மாறி மாறி வந்தால், உதிரப்போகும் நேரத்தில் இலை அதைப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். அதனால் அம்மாள் அக்டோபரிலேயே நல்ல இலைகளாகப் பொறுக்கி, பழைய தொலைபேசி டைரக்டரியின் பக்கங்களுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்தியிருந்தார். பிறகு இரண்டு மெழுகுத் தாள்களுக்கு இடையே வைத்து இஸ்திரிப் பெட்டியால் மெல்லத் தேய்த்தால் மெழுகு இலையில் ஒட்டி நிறத்தைக் காக்கும். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்கிற வேலை இது.

காட்டில் அன்று மிஞ்சியிருந்தவை ஓக்கும் பீச்சும். பழம் தருகிற பீச் அல்ல, இது காட்டு மரம். இரண்டும் காய்ந்த இலையைச் சட்டென்று விடுவதில்லை. இளம் பீச் மரங்கள் வெளுத்த, காகிதம் போன்ற இலைகளைக் குளிர்காலம் முழுவதும் பிடித்துக்கொண்டு நிற்கும். பச்சைக்கு வெண் பைன் கிளைகள். அதன் ஊசிகள் ஐந்தைந்தாகக் கொத்தாக இருக்கும், எண்ணிப் பார்த்தே மரத்தை அடையாளம் சொல்லிவிடலாம். சிவப்புக்கு விண்டர்பெர்ரி. இலையெல்லாம் கொட்டிய பிறகும் குச்சி முழுக்கக் குன்றிமணி போலக் காய்கள் நிற்கும் புதர் அது. நான் ஆசைப்பட்டு ஐந்தாறு கிளை வெட்டப் போனேன். மூன்றோடு தடுத்துவிட்டார். மீதி பனிக்காலத்தில் பறவைகளுக்கு. மனிதர் தின்றால் வயிற்றைக் கெடுக்கும் காய், அதனால் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

வேலியோரத்துக் கல்சுவரில் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. அதில் பளபளவென்று ஒன்றிரண்டு சிவந்த இலைகள் மிச்சமிருந்தன. கை நீட்டினேன். "தொடாதே!" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பாய்சன் ஐவி. மூன்று மூன்றாக இலை விடும் கொடி. அதன் பாலில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பி வாரக்கணக்கில் படுத்தும். காய்ந்த சருகிலும் அந்த எண்ணெய் போகாது. நம் ஊரில் வண்ணார் துணிக்குக் குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டை தோலைப் புண்ணாக்கும் அல்லவா, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். மாவும் முந்திரியும்கூட அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இலையுதிர் காலத்தில் அலங்காரத்துக்குக் கொடி பறிக்கப் போகும் யாரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய செடி இது.

இன்னொரு கொடியையும் அவர் வீட்டுக்குள் விடமாட்டார். மஞ்சள் ஓடு பிளந்து சிவப்பு விதை தெரியும் கிழக்காசிய பிட்டர்ஸ்வீட். அலங்காரத்துக்கென்றே 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று மரங்களைச் சுற்றி நெரித்துக் கொல்கிறது. மாசசூசெட்ஸில் அதை விற்கத் தடை. வளையமாகக் கட்டி வாசலில் மாட்டிவிட்டுப் பிறகு குப்பையில் எறிந்தால், பறவைகள் விதையைத் தின்று அடுத்த காட்டில் போட்டுவிடும்.

ஓக் மரத்தடியில் ஒரு கூடை கொட்டை பொறுக்கினோம். அவற்றை அப்படியே மேசையில் வைத்தால், விருந்து நடுவே துளை போட்டுக்கொண்டு வண்டுப் புழு வெளியே வரும். சுமார் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் பரப்பி ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும். வீடு முழுக்க வறுத்த வாசனை.

மறுநாள் அலமாரியைத் திறந்தார். பழுப்பு நிறத்தில் படம் அச்சிட்ட பீங்கான் தட்டுகள். நடுவே பெரிய நீள்வட்டத் தட்டு ஒன்று, அதில் தோகை விரித்த வான்கோழி. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் சூளைகள் அமெரிக்கச் சந்தைக்கென்றே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வான்கோழித் தட்டுகள் செய்து அனுப்பின. செப்புத் தகட்டில் படம் செதுக்கி, மை பூசி, மெல்லிய தாளில் ஒற்றி, அந்தத் தாளைத் தட்டின் மேல் ஒட்டி எடுப்பது அவர்கள் முறை. விளிம்பை உற்றுப் பார்த்தால் தாளின் இரு முனைகள் சேரும் இடத்தில் பூக்கொடி சற்றே பிசகியிருக்கும். "இந்தப் பிசகு இருந்தால்தான் அசல்" என்று விரலால் தடவிக் காட்டினார். தட்டைக் கவிழ்த்துப் பார்க்கவும் சொன்னார். 1890இல் வந்த சுங்கச் சட்டத்தால் அடுத்த ஆண்டிலிருந்து இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. அடியில் 'இங்கிலாந்து' என்ற முத்திரை இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய தட்டு.

பன்னிரண்டு தட்டில் மூன்று எப்போதோ உடைந்துவிட்டன. அந்த மூன்று இடத்துக்கு அவர் மாமியார் வீட்டு நீலத் தட்டுகள் வந்தன. கூடுதலாக வந்த எங்களுக்கு, திருமணமான புதிதில் அவர் வாங்கிய சாதாரண வெள்ளைத் தட்டு. ஒரே மாதிரி அடுக்கியிருந்தால் மேசை இத்தனை அழகாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றியது. விளிம்பு சிதைந்த ஒன்றை ஒதுக்கி வைக்கப் போனேன். அது தன் தம்பி ஆறு வயதில் போட்டது, தன் இடத்தில்தான் வை என்றார்.

மெருகில் மயிரிழை விரிசல் ஓடிய தட்டுகளில் மட்டும் புளிப்பான எதையும் ஊற்ற மாட்டார். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம். கிரான்பெர்ரி குழம்புக்குக் கண்ணாடிக் கிண்ணம், தட்டு அதற்குக் கீழே. வெள்ளிக் கரண்டிகளை நான் துடைத்தேன். எங்கள் வீட்டில் விபூதி போட்டுத் துடைப்போம் என்றதும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். அவர் வழி வேறு. பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, சமையல் சோடாவும் கொதிநீரும் ஊற்றிக் கரண்டிகளைத் தாளில் படும்படி போட்டார். கந்தகம் ஏறிக் கறுத்திருந்த வெள்ளி கண்ணெதிரே வெளுத்தது, லேசாக அழுகின முட்டை வாசனையுடன். கத்திகளை அதில் போடவில்லை. கைப்பிடிக்குள் இருக்கும் ஒட்டுப் பசை சூட்டில் இளகிவிடுமாம்.

இப்படிப்பட்ட தட்டுகளை இங்கே இளையவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் தங்கக் கரை போய்விடும், நுண்ணலை அடுப்பில் வைக்க முடியாது, சிறிய குடியிருப்பில் அலமாரிக்கு இடமில்லை. காரணங்கள் எல்லாம் நியாயம்தான். ஆனாலும் பழம்பொருள் கடைகளில் முழு செட் தட்டுகள் சில டாலருக்குக் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அவற்றைக் காப்பாற்ற நான் கண்ட ஒரே வழி அம்மாளுடையதுதான். பூட்டி வைக்காமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றில் சாப்பிடுவது, உடைந்தால் உடையட்டும் என்று குழந்தை கையிலும் கொடுப்பது.

அமெரிக்காவின் இந்த விருந்து நாளுக்கே ஒரு பெண்ணின் பிடிவாதம் பின்னால் இருக்கிறது. 'மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்' பாட்டை நம் குழந்தைகளும் பாடுகிறார்கள். அதை எழுதிய சாரா ஜோசஃபா ஹேல், 1827இல் வெளிவந்த தன் நாவலில் தாங்க்ஸ்கிவிங் விருந்து மேசையை விரிவாக வர்ணித்தவர். பிறகு பெண்கள் பத்திரிகை ஆசிரியராக இருந்துகொண்டு, நாடு முழுவதற்கும் ஒரே நாள் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார். 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே கடிதம் போட்டார். உள்நாட்டுப் போரின் நடுவில், அக்டோபர் 3 அன்று லிங்கன் அறிவிப்பு வந்தது.

அந்த நாளின் வேர் என்று சொல்லப்படும் 1621ஆம் ஆண்டு விருந்தில், பிளிமத்தில் குடியேறியவர்களோடு பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் சுமார் தொண்ணூறு பேர் மூன்று நாள் உண்டார்கள். அவர்கள் மண்ணில் விளைந்த மக்காச்சோளமும் பூசணி வகைகளும்தான் இன்று இந்த மேசையின் நடுவே அலங்காரமாக அமர்ந்திருக்கின்றன. அந்த மண் பிறகு அவர்களிடமிருந்து போனது. 1970 முதல் அதே வியாழக்கிழமையைப் பூர்வகுடிகள் பிளிமத்தில் கூடித் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். அம்மாள் பல நிற மணிகள் கொண்ட மக்காச்சோளக் கதிரை மேசையில் வைக்கும்போது பேரப்பிள்ளைகளுக்கு இதையும் சொன்னார். பக்கத்தில் இருந்த பரங்கிக்காயைப் பார்த்து எனக்கு நம் ஊர்ப் பெயர் ஞாபகம் வந்தது. அமெரிக்க மண்ணின் காய், கடல் கடந்து பரங்கியர் வழியே வந்ததால் நம் வாயில் பரங்கிக்காய் ஆகிவிட்டது.

அடுக்கும் வேலை அரைமணியில் முடிந்தது. நடுவே நீளமாக பைன் கிளைகள், அவற்றின் மேல் மேப்பிள் இலைகள், இடையிடையே ஓக் கொட்டைகள். முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்தினால் விரல் நுனிக்கு மேல் எதுவும் போகக் கூடாது, எதிரில் இருப்பவர் முகம் மறையும். மெழுகுவத்திக்கு வாசனை கூடாது, சாப்பாட்டு மணத்தைக் கெடுக்கும். பைன் ஊசியில் பிசின் உண்டு, சுடரிலிருந்து தள்ளி வை. ஆப்பிள் பக்கத்தில் பூ வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும். இவ்வளவுதான் அவர் விதிகள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் விரித்திருந்தது ஒரு வெள்ளை மேசை விரிப்பு. அதன் மேல் வரிசையாகப் பெயர்கள். ஒவ்வோர் ஆண்டும் விருந்துக்கு வந்தவர்கள் விரிப்பில் பென்சிலால் கையெழுத்துப் போட வேண்டும். குளிர்காலத்தில் அதன் மேலேயே நூலால் தைத்துவிடுவார். ஓர் ஆண்டுக்கு ஒரு நிறம். இறந்துபோன கணவரின் சாய்ந்த எழுத்து பச்சையில் இருந்தது. பேத்தி முதன்முதலில் எழுதக் கற்றபோது திருப்பிப் போட்ட எழுத்து அப்படியே ஆரஞ்சில் இருந்தது. கிரான்பெர்ரிக் கறை ஒன்றைச் சுற்றிச் சின்ன இலை தைத்து வைத்திருந்தார்.

விருந்து முடிந்து என் முறை வந்தபோது தமிழிலேயே எழுதினேன். இலைகள் உரக்குழிக்குப் போயின. தட்டுகள் ஒவ்வொன்றாகக் கையால் கழுவப்பட்டு, நடுவே துணி வைத்து அலமாரிக்குத் திரும்பின.

ஜனவரியில் ஒரு பனி நாள் மாலையில் தைத்துக்கொண்டிருந்தவர் தொலைபேசியில் கூப்பிட்டார். சுழிகளையெல்லாம் காம்புத் தையலில் சுற்றி முடித்துவிட்டாராம். கடைசி எழுத்தின் தலைக்கு மேல் இருக்கும் புள்ளி பென்சில் தவறிப் பட்டதா, அல்லது அதையும் தைக்க வேண்டுமா என்று கேட்டார். அது இல்லாவிட்டால் வேறு எழுத்தாகிவிடும் என்றேன். "அப்படியானால் முடிச்சுப் போட்டுவிடுகிறேன், எழும்பி நிற்கும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.