மலைக்கு மேலால் ஒரு பேச்சு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாலமுனையில் நின்றுகொண்டு கொழும்போடு பேச வேண்டும். கரண்டும் இல்லை, கைத்தொலைபேசிக் கோபுரமும் வேலை செய்யவில்லை. நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர்தான். ஆனால் குறுக்கே மத்திய மலைநாடு கிடக்கிறது. வோக்கிடோக்கியின் அலை நேராகப் போய் மலையில் முட்டி நின்றுவிடும்.

ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள் இதற்கு வானத்தைப் பார்த்துப் பேசுவார்கள். 7 மெகாஹெட்ஸ் அலையை ஏறத்தாழச் செங்குத்தாக அனுப்பினால், 200, 300 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயனமண்டலம் அதைத் திருப்பிவிடும். மேல்நோக்கிப் பீச்சிய தண்ணீர் சுற்றிவர விழுவதுபோல அலையும் நாலாபுறமும் இறங்கும். மலை தடையே இல்லை.

அன்டெனாவுக்குப் பெரிய செலவு கிடையாது. இருபது மீற்றர் செப்புக் கம்பியை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் கேபிளை இணைத்து, இரண்டு தென்னைகளுக்கு இடையில் ஏழெட்டு மீற்றர் உயரத்தில் இழுத்துக் கட்டினால் போதும். இன்னும் உயர்த்தினால் நல்லதுதானே என்று தோன்றும். அதிகம் உயர்த்தினால் அலை சாய்வாகப் புறப்பட்டுக் கொழும்பைத் தாண்டித் தூரதேசம் போய்விடும்! இரவில் அயனமண்டலம் மெலிவதால் 3.6 மெகாஹெட்ஸுக்கு இறங்க வேண்டிவரும். கம்பியும் இருமடங்கு நீளமாகும். கருவிக்கு 12 வோல்ட் கார் பற்றரி போதும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் மட்டும் கட்டாயம். அதற்குப் பரீட்சை எழுத வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தொலைபேசி செத்துக் கிடந்த அந்த நாட்களில், விக்டர் குணதிலக தலைமையிலான இலங்கை வானொலிச் சங்கத்தினர் அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் குறுகிய அலையில் இணைத்தார்கள். அந்தமானில் போர்ட் பிளேரில் தற்செயலாக முகாமிட்டிருந்த பாரதி பிரசாத்தின் இந்திய ஹாம் குழுவும் அதே வேலையில் இறங்கியது. கிழக்குக் கரையில் நாலு பாடசாலைகளிலாவது இப்படியொரு கம்பி தொங்க வேண்டும் என்பது என் ஆசை.

கம்பி மட்டும் போதாது. எந்த அலைவரிசையில் யார் காத்திருப்பார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். சலிப்பூட்டும் அந்த மேசை வேலையைச் செய்வது, 1925இல் பாரிஸில் தோன்றிய சர்வதேச ஹாம் ஒன்றியம். அதன் ஆசிய பசிபிக் கிளையான மூன்றாம் பிராந்திய அமைப்பு 1968இல் சிட்னியில் உருவானது. இலாபம் பார்க்காத, தொண்டர்களால் நடக்கும் அமைப்பு அது. இலங்கை, இந்தியச் சங்கங்கள் அதில் உறுப்பினர்கள். அனர்த்த காலத்தில் எல்லோரும் காது வைக்க வேண்டிய இடங்களாக 3600, 7110 கிலோஹெட்ஸ் போன்றவற்றை அது குறித்து வைத்திருக்கிறது.

அந்த 7110க்கும் ஒரு கதை உண்டு. சுனாமி வந்தபோது நம் பிராந்தியத்தில் அது ஹாம்களுடையதல்ல. 7100க்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள்தான். ஒன்றியம் பல காலம் வாதாடியதன் பேரில், 7200 வரையான பகுதியை ஹாம்களுக்கு ஒதுக்க 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு இணங்கியது. இடம் உண்மையில் கைக்கு வந்தது 2009 மார்ச் 29இல். அதற்குப் பிறகும் அத்துமீறி நுழையும் நிலையங்கள் உண்டு. அவற்றைக் கேட்டுக் குறித்து முறையிடவென்றே ஒன்றியத்தில் தனியொரு கண்காணிப்புப் பிரிவு இயங்குகிறது.