பழைய கேம்ஸ் ஆடும் கம்ப்யூட்டரில் இடமும் நேரமும் மிச்சப்படுத்துவது எப்படி?

சென்ற தீபாவளிக்குச் சாத்தூர் போயிருந்தபோது, பையைக் கீழே வைப்பதற்குள் அக்கா என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் கொண்டு போய் உட்கார வைத்துவிட்டாள். "தம்பி, சீட்டுப் பணத்துல வாங்குனது. ஆறு மாசம்கூட ஆகல. ஆன் பண்ணிட்டுப் போய் உலை வச்சா, அரிசி வெந்துருது. இது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓடி ஓய்ந்து, கைமாறி வந்த டெஸ்க்டாப் அது. 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். பாலிடெக்னிக் படிக்கும் மருமகனுக்காக வாங்கியது. அவன் புராஜெக்ட் பைலை சேவ் செய்யப் போனால் டிஸ்கில் இடமில்லை என்று செய்தி வருகிறது. கடையில் காட்டியதற்கு, டிஸ்க்கை மாற்ற வேண்டும், 2,500 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். மச்சானுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. தீபாவளி முடிந்தால் சில வாரங்களுக்கு வேலை இருக்காது. அந்த நேரத்தில் 2,500 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை.

ரைட் கிளிக் செய்து போல்டர்களின் புரோப்பர்டீஸைப் பார்த்தேன். டிஸ்க்கில் பாதிக்கு மேல் ஒரே போல்டரில் இருந்தது. அதன் பெயர் ரெட்ரோஆர்க். மருமகன் தலையைக் குனிந்துகொண்டான்.

உங்களில் பலர் வீட்டிலும் இதே கதை இருக்கலாம். ரெட்ரோஆர்க் என்பது பழைய வீடியோ கேம்களை ஒரே மெனுவில் அடுக்கி, கிளிக் செய்தால் ஓட வைக்கும் இலவசப் புரோகிராம். 2010-ல் வேறு பெயரில் தொடங்கி 2012-ல் இந்தப் பெயருக்கு மாறியது. இதை ஓர் அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பழைய கேம் மெஷினைப் போலவும் நடிப்பதற்குத் தனித்தனிப் பைல் உண்டு. அதற்குக் கோர் என்று பெயர். நான் சிறுவனாக இருந்தபோது டிவியில் மாட்டி ஆடிய மஞ்சள் கேசட் கேமுக்கு ஒரு கோர், பிளேஸ்டேஷனுக்கு ஒரு கோர், காயின் போட்டு ஆடும் கடை மெஷின்களுக்கு ஒரு கோர்.

இங்கே ஒரு வேடிக்கை. 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமின் அளவு வெறும் 40 கேபி! இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் இப்படி ஐம்பது மாரியோவை அடைத்துவிடலாம். அப்படியிருக்க, டிஸ்க்கை நிரப்பியது எது?

முதல் குற்றவாளி படங்கள். கேம் பட்டியலில் அழகாகத் தெரிய, ஒவ்வொரு கேமுக்கும் அட்டைப் படம், ஆட்டத்தின் நடுவே எடுத்த படம், முகப்புப் படம் என்று மூன்று படங்களை இந்தப் புரோகிராம் சேமிக்கும். ஒரு படம் 200 கேபி என்றாலே மூன்றுக்கும் 600 கேபி. 40 கேபி கேமுக்கு 600 கேபி படம்! எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால், குச்சியை விட லேபிள் கனமான தீப்பெட்டி. மருமகன் 2,000 கேம்களுக்குப் பட்டியல் போட்டு, எல்லாவற்றுக்கும் படம் இறக்கியிருந்தான். அது மட்டுமே 1 ஜிபிக்கு மேல். அவன் ஆடுவதோ ஏழெட்டு கேம்.

தம்ப்நெயில்ஸ் என்ற போல்டரைத் திறந்தால் ஒவ்வொரு மெஷின் பெயரிலும் ஒரு போல்டர் இருக்கும். தேவையில்லாத மெஷின்களின் போல்டரை அப்படியே அழித்துவிடலாம். எந்தக் கேமும் கெடாது. பிறகு செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஆன்-டிமாண்ட் தம்ப்நெயில் டவுண்லோட்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள். நீங்கள் பார்க்கும் கேமின் படம் மட்டும் அப்போது இறங்கும்.

இரண்டாவது, கோர்கள். எல்லாக் கோர்களும் ஒன்றாகக் கட்டிய மூட்டையை இணையத்தில் எடுத்து அப்படியே பிரித்துப் போட்டிருந்தான். மஞ்சள் கேசட்டுக்கான கோர் சில எம்பிதான். ஆனால் மேம் என்ற கோர், ஆயிரக்கணக்கான கடை மெஷின்களைச் சுமப்பதால் அது ஒன்றே 100 எம்பியைத் தாண்டும். எல்லாம் சேர்ந்தால் கணக்கு ஜிபியில் போகும். செட்டிங்ஸில் கோர் பகுதிக்குப் போய், மேனேஜ் கோர்ஸ் என்பதில் வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அவன் வீட்டில் நான்கு கோர்களை மட்டும் விட்டு வைத்தேன். பின்னால் ஏதாவது தேவைப்பட்டால் ஆன்லைன் அப்டேட்டரில் அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஷேடர்ஸ் போல்டரையும் பாருங்கள். பழைய டிவி போலக் கோடு கோடாகக் காட்டும் வேலைக்கு ஆயிரக்கணக்கான குட்டிப் பைல்கள் அதில் இருக்கும். அந்த வசதியை நீங்கள் தொட்டதே இல்லை என்றால் போல்டரைக் காலி செய்யலாம்.

மூன்றாவதுதான் உண்மையான பெருச்சாளி: சிடி கேம்கள். பிளேஸ்டேஷன் கேம் ஒன்று ஒரு சிடி அளவு, அதாவது 650, 700 எம்பி வரை இருக்கும். அவனிடம் தொண்ணூறு இருந்தன! சில கேம்கள் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று மூன்று பதிப்பாகவும் கிடந்தன. முதலில் இரட்டைப் பதிப்புகளை நீக்கினோம். பிறகு மிச்சமிருந்ததைச் சுருக்கினோம். இதற்கு மேம் குழுவினர் தரும் சிஎச்டிமேன் என்ற இலவச டூல் இருக்கிறது. சிடியின் கியூ பைலைக் கொடுத்தால் சிஎச்டி என்ற ஒரே பைலாகச் சுருக்கித் தரும். ஒரு பிட் தகவல்கூட இழக்காது. எவ்வளவு சுருங்கும் என்பது கேமைப் பொறுத்தது. வீடியோக் காட்சிகள் நிறைந்த கேம் அதிகம் சுருங்காது. சுருக்கிய பைல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். பழைய பட்டியல் கியூ பைலைத்தான் தேடும் என்பதால், போல்டரை மறுபடி ஒரு முறை ஸ்கேன் செய்யவும் வேண்டும்.

'ஜிப் செய்தால் போதாதா?' என்று கேட்பீர்கள். கேசட் கேம்களுக்குப் போதும், ஜிப்பிலிருந்தே ஓடும். சிடி கேமை ஜிப் செய்தால், ஆட உட்காரும்போதெல்லாம் முழு சிடியையும் பிரித்த பிறகே தொடங்க முடியும். இடம் மிச்சமாகும், நேரம் போகும். சிஎச்டியில் அந்தத் தொல்லை இல்லை. தேவையான துண்டை மட்டும் எடுத்துப் பிரித்துக்கொள்ளும்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். துப்புரவு வேகத்தில் சேவ்ஸ் என்ற போல்டரையும் சேர்த்து அழித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். அதில்தான் அவன் நான்கு மாதமாக ஆடிச் சேர்த்த கேம்களின் நிலவரம் இருந்தது. சில கேபி கொண்ட குட்டிப் பைல்கள்! "பரவாயில்ல மாமா" என்றான். அவன் முகம் அப்படிச் சொல்லவில்லை. சேவ்ஸ், ஸ்டேட்ஸ், பிளேலிஸ்ட்ஸ் ஆகிய மூன்று போல்டர்களையும் முதலில் பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

இனி நேரம். ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தட்டு. ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்குச் சற்று மேல். படிக்கும் ஊசி இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், எங்கோ இருக்கும் ஒரு குட்டிப் பைலை எட்டவே ஏறத்தாழ 12 மில்லி விநாடி ஆகும். 250 பைல் என்றால் 3 விநாடி. ஒரு பெரிய பைலைப் படிப்பதை விட நூறு குட்டிப் பைல்களைப் படிப்பதுதான் இதற்குச் சிரமம். ரெட்ரோஆர்க்கில் கோர்களைப் பற்றிய குறிப்புப் பைல்கள் இருநூறுக்கு மேல் உண்டு. செட்டிங்ஸில் கோர் பகுதியில் கேஷ் கோர் இன்போ பைல்ஸ் என்பது ஆனில் இருந்தால், எல்லாக் குறிப்பையும் ஒரே பைலில் சேர்த்து வைத்துப் படிக்கும். ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெனுவின் அலங்காரமும் நேரம் தின்னும். டிரைவர்ஸ் பகுதியில் மெனு என்பதை ஆர்ஜியுஐ என்று மாற்றினால் பளபளப்பு போய்விடும், ஆனால் சட்டென்று திறக்கும். எனக்கு அந்தப் பழைய முகம்தான் பிடிக்கும். மருமகனுக்குப் பிடிக்கவில்லை, மறுநாளே மாற்றிவிட்டான்.

ஆனால் உலை வெந்ததற்குக் காரணம் ரெட்ரோஆர்க் மட்டும் இல்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் என்ற கட்டத்தில் 100 சதவீதம் நின்றிருந்தது. ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தேன். கேம் விற்கும் கம்பெனிகளின் லாஞ்சர்கள் மூன்று, கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூட எழுந்துகொண்டிருந்தன. அவற்றை ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுத்தேன். புரோகிராம் அழியாது, நீங்கள் கூப்பிடும்போது மட்டும் வரும். ஆன்ட்டி வைரஸை இந்தப் பட்டியலில் தொடாதீர்கள்.

எல்லாம் முடிய ஒரு பகல் ஆயிற்று. அக்கா கொடுத்த காரச்சேவு டப்பாவும் காலி. மறுபடி ஆன் செய்து கடிகாரம் பார்த்தேன். பவர் பட்டனிலிருந்து கேம் மெனு வர நான்கு நிமிடம் ஆனது, ஒன்றரை நிமிடமாகக் குறைந்திருந்தது. டிஸ்க்கில் ஏறத்தாழ 50 ஜிபி காலி. புராஜெக்ட் பைல் சேவ் ஆனது. 2,500 ரூபாயை அக்கா மறுபடி பீரோவில் வைத்தாள். பிற்பாடு எஸ்எஸ்டி வாங்கினால் வேகம் இன்னும் பல மடங்கு கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அதில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் ஊசியும் இல்லை. அது கையில் காசு இருக்கும்போது.

கேம்களை எங்கிருந்தோ இறக்குவது பற்றி ஒரு வார்த்தை. ரெட்ரோஆர்க்கைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கும் பொருந்தும். பழைய கேம் என்பதால் உரிமை போய்விடாது. ஆன்லைன் அப்டேட்டரில் கன்டென்ட் டவுண்லோடர் என்ற இடத்தில், 2004-ல் வந்த கேவ் ஸ்டோரி போல உரிமையாளரே இலவசமாகத் தந்த கேம்கள் கிடைக்கும். மருமகனுக்கு அதைத்தான் முதலில் போட்டுக் கொடுத்தேன்.

பென் டிரைவில் காப்பி எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். 64 ஜிபி பென் டிரைவை எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்தால், விண்டோஸ் அதை வழக்கமாக 128 கேபி அறைகளாகப் பிரிக்கும். 40 கேபி கேம் என்றாலும் ஓர் அறை முழுவதும் அதற்கே. 80 எம்பி வரவேண்டிய 2,000 கேம்கள் 250 எம்பியை அடைத்துக்கொள்ளும். புரோப்பர்டீஸில் சைஸ் என்றும் சைஸ் ஆன் டிஸ்க் என்றும் இரண்டு எண்கள் தெரிவது இதனால்தான். குட்டிக் கேம்களை எல்லாம் ஒரே ஜிப்பாகக் கட்டிக் காப்பி செய்தால் அந்த வீண் இடமும் மிச்சம், காப்பியும் சீக்கிரம் முடியும்.